பிழை எனக்கும் வரட்டும்

யாராவது வயிறு வலிக்கிறது என்று போய் நின்றால், "முதலில் எனக்கும் அந்த வலி வரட்டும், பிறகு மருந்து தருகிறேன்" என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். நான் அறிந்த ஒருவர் அப்படிச் சொல்வார். வயிற்று வலிக்கு அல்ல, கணினியில் வரும் பிழைக்கு. பிள்ளைகளே, அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் இணையக் குழுவில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். என்னைவிட அவர் பத்து வயதாவது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். இது எப்படிச் சரியாகும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் எப்படி அந்தக் குழுவுக்குள் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் ஊரில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையத்துக்கு வேன் ஓட்டுபவன் நான். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இடம் அது. வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வந்தே ஆக வேண்டும். வீட்டிலிருந்து ஏற்றி வருவேன். இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் இருப்பார்கள். முடிந்ததும் கொண்டுபோய் விடுவேன். அந்த நான்கு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் பாலில்லாத தே ஓ குடிக்கப் போவார்கள். நான் ஒரு பழைய மடிக்கணினியை வேனில் வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. இதை எடு, அதோடு கூட்டு, இங்கே காட்டு என்று வரிவரியாக எழுத வேண்டும். ஒரு வரி பிசகினால் கணினி சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஏதோ சொல்லும். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்பது போல இருக்கும்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் ஒருவர் தமிழில் நிரல் பேசும் குழு ஒன்று இருப்பதாகச் சொன்னார். சேர்ந்தேன். பினாங்கு, ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். யாருக்காவது நிரலில் சிக்கல் வந்தால் குழுவில் போடுவார்கள், தெரிந்தவர்கள் தீர்த்துவைப்பார்கள். யாரும் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

வேன் ஓடிய தூரத்தைக் கூட்டிச் சொல்ல நான் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அது கூட்டவில்லை, சிவப்பாகக் கத்தியது. நான்கு முறை எழுதி, நான்கு முறை அழித்து, கடைசியில் வெட்கத்தோடு குழுவில் போட்டேன். உடனே பதில்கள் வந்தன.

"அண்ணே, எனக்கு நல்லா ஓடுதே!"

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணே."

"வேன் டிரைவரா நீங்க? வேனையும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு பதில் வந்தது.

"அண்ணே, எனக்கு இன்னும் வரல. எனக்கும் வரட்டும், அப்புறம் பேசலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பிழை போகவேண்டும் என்று கேட்கிறேன். இவர் வரவேண்டும் என்கிறார். தொடர்ந்து கேள்விகள் கேட்டார். என்ன கணினி, எத்தனை வருடம் பழையது, தூரத்தை எங்கே பார்த்து எழுதுகிறேன், யார் அடிக்கிறார்கள், ஒரு விரலாலா எல்லா விரல்களாலுமா. ஒரு விரலால் என்றேன். "சரி, நானும் ஒரு விரலாலேயே அடிச்சுப் பார்க்கிறேன்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு படம் அனுப்பினார். அவருடைய கணினித் திரை. அதில் என்னுடையதைப் போலவே சிவப்பு எழுத்து. அதே வரி, அதே இடம்.

"வந்துருச்சு லா! நல்ல எரர் அண்ணே இது. நமக்கு எண்ணுக்குப் பின்னாடி கிலோமீட்டர்னு எழுதிப் பழக்கம். கம்ப்யூட்டர் எழுத்தை எப்படிக் கூட்டும்?"

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். வீட்டில் திடீரென்று கரண்ட் போய்விடும். நம் வீட்டில் மட்டும்தான் போய்விட்டதோ, ஏதாவது எரிந்துவிட்டதோ என்று பயந்து வெளியே வந்து பார்ப்போம். தெரு முழுவதும் இருட்டாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் வாசலில் நிற்பார். அப்போது ஒரு நிம்மதி வரும் இல்லையா, அந்த நிம்மதி. கரண்ட் இன்னும் வரவில்லைதான். ஆனால் வந்துவிடும்.

நன்றாகக் கவனியுங்கள், "நமக்கு" என்றார். ஒரு விரலால் கிலோமீட்டர் எழுதியவன் நான்தான். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். உங்க கோட் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நம்ம கோட், நமக்கு வந்த எரர், நாம எங்கேயோ விட்டுட்டோம். யாரோ முகம் தெரியாத பையன் ஈப்போவில் செய்த தப்புக்கு இவர் ஜொகூர் பாருவில் உட்கார்ந்துகொண்டு பாதியை எடுத்துக்கொள்வார்.

குழுவில் சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி இருந்தான். கெட்டிக்காரன். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பதில் எழுதிவிடுவான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அக்காவை அவன் ஆமை என்று கூப்பிடுவான்.

"அக்கா, நீங்க எரரை வரவெச்சு, அதுக்கு டீ போட்டுக் குடுத்து, குசலம் விசாரிக்கிறதுக்குள்ள நான் பத்து பேருக்குப் பதில் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க தம்பி. அந்தப் பத்துல தப்பாப் போறது என்கிட்டத்தானே வரும்."

ஒரே ஒரு முறைதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். யாரோ புதிதாக வந்தவரிடம் நாலைந்து பேர் வரிசையாக "எனக்கு ஓடுது", "எனக்கும் ஓடுது" என்று எழுதியிருந்தார்கள். அக்கா எழுதினார்: "உங்களுக்கு ஓடுதுன்னு சொல்றது அவருக்கு உதவி இல்ல. அது உங்க பெருமை. அதை உங்க வீட்டுல வெச்சுக்குங்க."

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு பிழையால்தான்.

பினாங்கில் படிக்கும் ஒரு மாணவி, கல்லூரியில் கொடுத்த வேலைக்காக ஒரு நிரல் எழுதியிருந்தாள். கல்லூரியில் நன்றாக ஓடும். கெடாவில் தோட்டத்து வீட்டுக்குப் போனால் பாதியில் நின்றுவிடும். அங்கே இணைய லைன் விட்டுவிட்டுத்தான் வருமாம். அக்காவின் அடுக்குமாடி வீட்டில் லைன் நன்றாக இருக்கும். எவ்வளவு முயன்றும் அவருக்கு அந்தப் பிழை வரவில்லை. ஒரு நாள் குழுவில் கேட்டார்:

"லைன் ரொம்ப மோசமா இருக்கிற இடம் யாருக்காச்சும் தெரியுமா?"

சிங்கப்பூர்த் தம்பி எழுதினான்: "உலகமே நல்ல லைன் தேடி அலையுது. எங்க ஆமைக்குக் கெட்ட லைன் வேணுமாம்!"

நான் எழுதினேன்: "எங்க பக்கம் வாங்க அக்கா. செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஒரு வளைவு இருக்கு. அங்க போனா போன் செத்துடும், திடீர்னு உயிர் வரும்."

விளையாட்டாகத்தான் எழுதினேன். சனிக்கிழமை காலையில் ரயில் பிடித்துக் குளுவாங்குக்கே வந்துவிட்டார்.

உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒல்லியான பெண். பெரிய கண்ணாடி, முதுகில் பெரிய பை, கையில் பாதி கடித்த கறிபாப். "அண்ணே!" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டினார், கறிபாப்போடு. தோட்டத்து வளைவில் நான் வேனை நிறுத்தியதும், அக்கா பின்கதவைத் திறந்து, வேனின் தரையில் கணினியை வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டிப் பார்த்தார். ஓடியது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓடியது. கொசு மொய்த்தது. அவர் திரையைப் பார்த்து மெதுவான குரலில் கூப்பிட ஆரம்பித்தார்.

"வா... வா... வந்துடு... பயப்படாத, வா..."

உங்கள் அம்மா என் சட்டையை இழுத்து, "ஏங்க, இந்தப் பிள்ளைக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று காதில் கேட்டாள்.

அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத்துக் காவலாளி வண்டியை நிறுத்தினார். "என்னம்மா தேடுறீங்க? கோழி ஏதும் ஓடிப்போச்சா?"

"எரர் தேடுறேன் அண்ணே."

"அது எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"இன்னும் வரவே இல்ல அண்ணே."

காவலாளி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு மேல் மேகம் கட்டியது. லைன் போனது, வந்தது, போனது. திரை அப்படியே உறைந்து நின்றது. "அலமாக்! வந்துருச்சு, வந்துருச்சு லா!" என்று அவர் குதித்த குதியில் கறிபாப் மண்ணில் விழுந்தது. லைன் அறுந்தால் கணினி மறுபடி கேட்காமல் சும்மா காத்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் கோளாறு என்று அங்கேயே கண்டுபிடித்து, லைன் வந்த நேரம் பார்த்து அந்த மாணவிக்கு எழுதி அனுப்பினார்.

திரும்பும் வழியில் உங்கள் அம்மா கேட்டாள். "அந்தப் பினாங்குப் பிள்ளை உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லக்கா. யாருன்னே தெரியாது."

"பின்ன ஏம்மா இவ்வளவு தூரம்?"

அவர் கொசு கடித்த கையைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "தெரியலக்கா. எனக்கு வராத வரைக்கும், அந்தப் பிள்ளை மட்டும் தனியா அங்க மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கும். சோறு இறங்காது" என்றார்.

அவர் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டோம் என்று ரயில் போன பிறகுதான் உங்கள் அம்மா சொன்னாள்.

இப்போது அந்தக் குழு இல்லை. ஆட்கள் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். இந்தக் காலத்தில் கேள்வியைக் கணினியிடமே கேட்டால் அதுவே பதிலும் சொல்லிவிடுகிறது. நானும் கேட்கிறேன், உபயோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழு இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நேரில் கண்டவன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நோன்புப் பெருநாள் நெருங்கிய நேரம். பெருநாள் விடுமுறைக்காக எங்கள் நிலையத்தில் எல்லோருடைய நாட்களையும் மாற்றியிருந்தார்கள். யார் எந்த நாள் வரவேண்டும் என்பதை அதுவரை வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். அந்த முறை நான் எழுதிய நிரலில் ஏற்றினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் பெயரிலேயே கணினியில் ஒரு தனிக் கோப்பு. நாளைக் காலை யார் யாரை ஏற்ற வேண்டும் என்று கேட்டால் நிரல் பட்டியல் கொடுக்கும். எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டு, பலகையைத் துடைத்துவிட்டு, கிளார்க் பெருநாளுக்காகக் கிளந்தானுக்குக் கிளம்பிவிட்டார். வழியில் அவர் போன் கிடைக்கவில்லை. பெக்கோக் பக்கம் ஓட்டும் டிரைவரும் ஊருக்குப் போய்விட்டதால் அந்தப் பாதையும் என் தலையில். அங்கே யார் யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பட்டியலை நம்பித்தான் போக வேண்டும்.

ஞாயிறு காலை நிலையத்தில் நான் மட்டும் இருந்தேன். போன் அடித்தது. பெக்கோக்கிலிருந்து ஒரு அம்மா.

"தம்பி, நாளைக்கு வண்டி வருதாப்பா? நாள் மாறும், சொல்றோம்னாங்க. ஒண்ணும் சொல்லல."

பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. அடுத்த நாள் பட்டியலிலும் இல்லை. அதற்கடுத்த நாளிலும் இல்லை.

"கொஞ்சம் இருங்கம்மா, பார்த்துச் சொல்றேன். உடம்பு எப்படி இருக்கு?"

"படுத்தா மூச்சு முட்டுது தம்பி. உட்கார்ந்துக்கிட்டே இருக்கேன்."

உங்களுக்கு இதை விளக்க வேண்டும். டயாலிசிஸ் தள்ளிப்போனால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். மூச்சு முட்டுகிறது என்றால் தள்ளிப்போட இனி நாள் இல்லை என்று அர்த்தம். நர்ஸுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் பார்க்கட்டும், மோசமானா உடனே ஆஸ்பத்திரி. நாளைக்கு முதல்ல இவங்களை ஏத்திடுங்க" என்றார். சரி, இவர் கூப்பிட்டார், தெரிந்துகொண்டேன். கூப்பிடாதவர்கள்?

பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தேன். மலாய்க்காரர் பெயர்கள் இருந்தன. சீனர் பெயர்கள் இருந்தன. நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

குழுவில் எழுதினேன். நோயாளிகளின் பெயரை வெளியே போடக் கூடாது என்பதால், முத்து, மணி, லெட்சுமி என்று நானாகப் பெயர்கள் வைத்து நிரலோடு அனுப்பினேன்.

"நம்ம ஆளுங்க மட்டும் காணோமா? கம்ப்யூட்டருக்கும் நம்மளப் பிடிக்கலையா?" என்று ஒருவர் எழுதினார்.

சிங்கப்பூர்த் தம்பி வேகமாக எழுதினான்: "அண்ணே, டேட்டா கெட்டுப்போயிருக்கு. அந்த ஃபோல்டரை முழுசா அழிச்சிட்டுப் புதுசா ஏத்துங்க. பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷம் என்ற சொல் எனக்குத் தேனாக இருந்தது. அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் வந்தது. அக்கா. பின்னால் மேளச் சத்தம். ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார்.

"அண்ணே, எதையும் அழிக்காதீங்க! காணாம போனவங்க உள்ள எங்கேயாச்சும் இருந்தா?"

கையை எடுத்தேன்.

"நீங்க அனுப்பினதை இங்க ஓட்டிப் பார்த்தேன். முத்து இருக்காரு, மணி இருக்காரு, லெட்சுமி இருக்காங்க. எனக்கு யாரும் காணாம போகல. எனக்கும் வரட்டும் அண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, அங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுது. இன்னும் எத்தனை பேருன்னு தெரியல. நீங்க வரட்டும் வரட்டும்னா எப்படி?"

"தெரியுது அண்ணே. அதனாலதான் குத்துமதிப்பா எதுவும் சொல்லமாட்டேன். நீங்க லைன்லேயே இருங்க."

இருந்தேன். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மடிக்கணினியோடு, செருப்புகள் விட்டிருக்கும் நடையில் போய் உட்கார்ந்தாராம். ஒரு வயதான குரல் அதட்டியது: "ஏண்டி, பட்டுப்புடவையக் கட்டிக்கிட்டுச் செருப்புக்கு நடுவுல என்ன பண்ற? தாலி கட்டப் போறாங்க!"

"வரேம்மா. அண்ணே, முன்னாடி இந்தப் புரோகிராம் ஓடிச்சா?"

"ஓடிச்சு. போன மாசம் நான் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்களைப் போட்டுப் பார்த்தேன்."

"என்ன பேரு போட்டீங்க?"

"நாம கூப்பிடுற பேருதான். மணி அங்கிள், பாலோ பெரியவர்..."

"இந்த வாட்டி யாரு அடிச்சாங்க?"

"கிளார்க். ஐசியைப் பார்த்து அப்படியே அடிச்சாங்க."

"அப்படியேன்னா?"

"அப்படியேன்னா அப்படியேதான் அக்கா."

மேளம் உச்சத்துக்குப் போனது. கெட்டிமேளம். அதற்கு நடுவில் அவர் கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டச்சு. ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக. அவருடைய சொந்த ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து, அதில் இருக்கிற மாதிரியே தம் பெயரை அடித்திருக்கிறார்.

"அண்ணே..." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "என்னைக் காணோம்."

"என்ன அக்கா?"

"என்னைக் காணோம் லா! அண்ணே, நானே காணோம்! வந்துருச்சு, வந்துருச்சு!"

"யாரைடி காணோம்?" என்று அந்த வயதான குரல் பதறியது. "பொண்ணையா?"

உங்கள் ஐசியை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஆண் பிள்ளைக்கு ஏ/எல் என்றும் பெண் பிள்ளைக்கு ஏ/பி என்றும் இருக்கும். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று அர்த்தம். வாயால் அதை யாரும் சொல்வதில்லை. நிரலில் சோதித்துப் பார்க்கும்போதும் யாருக்கும் எழுதத் தோன்றுவதில்லை. நடுவில் இருக்கும் அந்தச் சாய்ந்த கோட்டைக் கணினி எழுத்தாகப் படிக்காது. 'இது ஓர் அறையின் கதவு, உள்ளே போ' என்று படிக்கும். ஆகவே நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அது ஒரு தனி அறை கட்டி, உள்ளே உட்கார வைத்துவிட்டது. அறை இல்லாவிட்டால் நீயே கட்டிக்கொள் என்று நான்தான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதனால் கணினி சிவப்பாகக் கத்தவும் இல்லை. என் நிரலோ கூடத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

"யாரும் தொலைஞ்சு போகல அண்ணே. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. அழிச்சிருந்தாதான் போயிருப்பாங்க" என்றார் அக்கா. அறைகளுக்குள்ளும் தேடச் சொல்லும் சில வரிகளை அனுப்பினார். "ஓட்டுங்க. சத்தமா படிங்க."

ஓட்டினேன். பெயர்கள் வந்தன. திரையின் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சாஆ, பாலோ, லாயாங் லாயாங், பெக்கோக் என்று ஊர் ஊராக வந்தன. நான் ஒவ்வொரு பெயரையும் சத்தமாகப் படித்தேன். ஆளில்லாத அறையில் யாரோ வருகை எடுப்பது போல இருந்தது. பெக்கோக் அம்மாவின் பெயர் நாளைய பட்டியலில் இருந்தது. அதற்குக் கீழே பாலோவில் தனியாக இருக்கும் அந்தப் பெரியவர். அவரும் நாளைக்குத்தான். அவர் எங்களைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருக்கவும் மாட்டார். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கும் ஆள் அவர்.

குழுவில் சிங்கப்பூர்த் தம்பி எழுதியிருந்தான்: "அண்ணே, மன்னிச்சிடுங்க. அழிக்கச் சொன்னேனே." அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: "விடுங்க தம்பி. என் ஐசியிலேயே அந்தக் கோடு இருக்கு. எனக்கே தோணல. எல்லாருக்கும் சேர்த்து நல்ல எரர் இது."

எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. "தாலி கட்டுறதைப் பார்க்காம விட்டுட்டீங்களே அக்கா" என்றேன்.

"வீடியோ எடுத்திருப்பாங்க அண்ணே. நாளைக்கு அந்தம்மா வேன்ல ஏறினதும் எனக்குச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை, பெக்கோக் போகும் வழியிலேயே இருப்பதால் முதலில் பாலோவில் நின்றேன். பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு பெக்கோக். ரயில்வே கடவைக்கு அந்தப் பக்கம், பச்சைக் கதவு வீடு. அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஏற்றினேன். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். நான் கதவைச் சாத்தும்போதே போன் அடித்தது.

"அண்ணே, ஏறிட்டாங்களா?"

பின்னால் ஜனங்களின் இரைச்சல், பேருந்துகளின் ஹாரன். வேலைக்குப் போவதற்காக, எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூர் போகும் பேருந்துகள் புறப்படும் இடத்தில் அக்கா நிற்கிறார் என்று தெரிந்தது.

"ஏறிட்டாங்க அக்கா. பாலோ பெரியவரும் இருக்காரு."

"உட்கார்ந்துட்டாங்களா? பெல்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்பாடா. சரி அண்ணே, நான் இப்ப பாலம் ஏறுறேன். வேலை இடத்துல உள்ள நுழையும்போதே போனை வாங்கி வெச்சிடுவாங்க. அதான் நிக்கிறேன்."

வேனின் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் வேலை தொடங்கி வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். எத்தனை பேருந்துகளை விட்டார் என்று கேட்கலாம் என்று நினைப்பதற்குள் லைன் போய்விட்டது.

"யாருப்பா போன்ல?" என்றார் அம்மா.

"நேத்து உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சவங்கம்மா."

"என்னையா?" அம்மாவுக்கு மூச்சுக்கு நடுவில் சிரிப்பு வந்தது. "நான் எங்கப்பா போனேன்? வீட்டுலதானே உட்கார்ந்திருந்தேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.